ஒன்பது சரி, ஒன்று தவறு

மதுரை,
மாசி 28

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடத்தை விட்டுவிடாமல் கொடுக்கச் சொல். நான் இப்போது எழுதப்போகிற விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ ஆரம்பித்துவிடுவாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் கணக்கு வேறு இருக்கிறது. அது காகிதத்தில்தான் சரிப்படும்.

பொங்கலுக்கு மறுநாள் உன் வீட்டு ஹாலில் நாம் செய்த சோதனையைப் பற்றித்தான் எழுத வந்தேன். அப்பா முல்லார்ட் 5-10 சர்க்யூட்டைப் பார்த்துத் தன் கையால் கட்டிய வால்வு ஆம்ப். நீ ஒரு வருஷம் உட்கார்ந்து கெப்பாசிட்டர் எல்லாம் மாற்றி உயிர் கொடுத்தது. அதற்குப் பக்கத்தில் நீ புதிதாக வாங்கிய, உள்ளங்கை அகலமே உள்ள கிளாஸ் டி ஆம்ப். நீ கண்ணைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் நான் ஒயரை மாற்றி மாற்றிப் போட்டேன். பத்துத் தடவையில் ஒன்பது தடவை எது அப்பாவுடையது என்று சரியாகச் சொன்னாய். அம்மா அழுதுவிட்டாள். நானும்தான் அழுதேன்.

போன வாரம் பேசும்போது, அதே மாதிரி பத்து செட் கட்டி விற்கப் போவதாகவும், மூன்று பேர் முன்பணம் தர ஒத்துக்கொண்டதாகவும் சொன்னாய். கண்ணைக் கட்டிக் கேட்டே நிரூபித்த ஆம்ப் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தம்பி, அந்தச் சோதனை செல்லாது. அதைக் கெடுத்தது நீ இல்லை, நான்.

உன் மருமகள் அன்று முழுவதையும் செல்போனில் படம் பிடித்தாள் அல்லவா? ஊருக்குத் திரும்பும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டி, பஸ்ஸில் விளக்கை அணைத்த பிறகு அதைக் காதில் மாட்டிக் கேட்டேன். படத்தைப் பார்க்கவில்லை, ஒலியை மட்டும் கேட்டேன். புது ஆம்ப்பை இணைத்தால் நான் “கேளு” என்கிறேன். அப்பாவுடையதை இணைத்தால் “ம்… கேளு” என்கிறேன். அந்த “ம்” பத்தில் எட்டு இடத்தில் பொருந்துகிறது. நான் அப்படிச் சொன்னது எனக்கே தெரியாது. இன்னொன்றும் கேட்டது. அப்பாவின் ஆம்ப்பில் ஒயரைத் திருகாணியில் சுற்றி முறுக்க வேண்டும். புதியதில் பின்னைச் செருகினால் போதும். ஒன்றுக்கு இருபது விநாடி ஆகிறது, மற்றதற்கு எட்டு விநாடிகூட ஆகவில்லை. கண்ணைத்தான் கட்டியிருந்தோம். காது அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது.

நீ ஏமாற்றினாய் என்று நான் சொல்வதாக ஒரு நொடிகூட நினைக்காதே. பாடுகிறவரின் குரல் முன்னால் வந்து நிற்கிறது என்று நீ சொன்னபோது உனக்கு அது அப்படித்தான் கேட்டது. எங்கிருந்தோ கிடைத்த ஒரு குறிப்பை மனம் எடுத்துக்கொண்டு, அதை ஒலியாகவே நம்மிடம் தந்துவிடும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டம்.

வகுப்பில் நான் வருஷாவருஷம் சொல்லித்தருகிற பாடம் ஒன்று இருக்கிறது. அன்று எனக்கே அது மறந்துபோனது. வெறுமனே நாணயம் சுண்டி ஊகிக்கிறவனும் பத்தில் ஒன்பதோ பத்துமோ சரியாகச் சொல்லிவிடலாம். அதற்கான வாய்ப்பு 1024-ல் 11, அதாவது நூற்றுக்கு ஒன்றை ஒட்டி. ஆக உன் ஒன்பது அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் கணக்கு அதிர்ஷ்டத்தை மட்டும்தான் விலக்குகிறது. அந்த ஒன்பது ஆம்ப்பிலிருந்து வந்ததா, என் “ம்” என்ற சத்தத்திலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. அதைப் பிரித்துக் காட்ட வேண்டியது சோதனையின் அமைப்பு.

ஜெர்மனியில் நூறு வருஷத்துக்கு முன்னால் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல், கழித்தல் கேட்டால் காலால் தரையைத் தட்டி விடை சொல்லும். அதன் சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் நேர்மையான ஆள், காசு வாங்கி வேடிக்கை காட்டியவர் இல்லை. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் அதைச் சோதித்தார். கேட்கிற ஆளுக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்கிற ஆளைக் குதிரை பார்க்க முடியாதபடி செய்தாலும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் எதிரில் நிற்பவரின் தலையும் உடம்பும் துளி அசைகிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. இதில் என்னைத் தொட்டது எது தெரியுமா? விஷயம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் அசைவை அடக்க முடியவில்லை. ஆகவே அடுத்த தடவை நான் வாயை இறுக மூடிக்கொள்கிறேன் என்று சொன்னால் போதாது. உன் பக்கத்தில் இருக்கிற எனக்கு விடையே தெரியக் கூடாது. விடை தெரிந்தவர் உனக்குத் தெரியாத, கேட்காத இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது வால்யூம். அன்று இரண்டையும் காதாலேயே ஒரே அளவுக்கு வைத்தோம். காதால் வைத்தால் அரை டெசிபெல், முக்கால் டெசிபெல் சாதாரணமாகத் தவறும். எது சத்தமாக இருந்தது என்று இப்போது பார்க்கவும் வழியில்லை, குமிழ்களைத் திருப்பிவிட்டோம். வித்தியாசம் அவ்வளவு சின்னதாக இருந்தால் யாரும் “இது சத்தம் கூட” என்று சொல்வதில்லை. “இதில் தெளிவு இருக்கிறது, கனம் இருக்கிறது” என்றுதான் சொல்வார்கள். காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டியது இது: ஒலியின் அளவைக் கூட்டினால், நடு ஸ்தாயியைவிட அடி ஸ்தாயி நம் காதுக்கு வேகமாக ஏறுகிறது. வால்யூம் துளி ஏறினாலே மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் நிறைந்து கேட்கும். அதை நாம் ஆம்ப்பின் குணம் என்று எழுதிவைத்துவிடுவோம்.

ஆகவே இந்தத் தடவை மல்டிமீட்டர். 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனைகளில் ஏசி வோல்டேஜைப் பார். ஒன்றை 2.00 வோல்ட்டில் வை. மற்றது 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 0.1 டெசிபெல் என்பது வோல்டேஜில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் வந்துவிட்டால் போதும். மலிவான மீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தது. 400-க்கு மேலே போனால் அதை நம்பாதே. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்திலிருந்து நல்ல மீட்டர் ஒன்றை நான் கேட்டு வாங்கி வருகிறேன். அளவு சரியானதும் இரண்டு குமிழ்களின் மேலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடு. பிறகு யாரும் தொடக் கூடாது. அப்பாவின் ஆம்ப் ஒரு சேனலுக்கு 10 வாட்தான் தரும் என்பதையும் நினைவில் வை. 8 ஓம் ஸ்பீக்கரில் 2 வோல்ட் என்றால் அரை வாட். 10 வாட்டுக்கு அங்கிருந்து 13 டெசிபெல்தான் இடம். பாட்டில் ஓங்கி விழுகிற அடி அதைத் தாண்டினால் ஒலி நசுங்கும், நீ நசுங்கலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாய். பாட்டின் உச்ச இடங்கள் அந்த எல்லைக்குள் நிற்கும்படி ஓடவிட வேண்டும்.

கண்ணை மறைக்கிற விஷயத்தில் உனக்குச் சந்தேகம் இருக்காது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் 1960களிலிருந்தே திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துக் கேட்கவைத்தவர். பிறகு ஹார்மன் நிறுவனத்துக்குப் போய், அங்கே ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். நாற்பது பேர், நாலு ஸ்பீக்கர்கள். கேட்டவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே. திரை இருந்தபோது போட்ட மதிப்பெண்ணும் திரையை எடுத்தபின் போட்ட மதிப்பெண்ணும் ஒன்றாக இல்லை. பெரிய ஸ்பீக்கருக்கு ஏறியது, சின்ன மலிவான செட்டுக்கு இறங்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ஸ்பீக்கரை அறைக்குள் வேறு இடத்துக்கு நகர்த்தினால் ஒலி உண்மையாகவே மாறும். திரை இருந்தபோது அந்த மாற்றம் அவர்களுக்குக் கேட்டது. பார்த்துக்கொண்டே கேட்டபோது அதை அவர்கள் கவனிக்கவே இல்லை. ஆக, கண் இல்லாததைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, இருப்பதையும் மறைக்கிறது. மறைத்துக் கேட்பது காதை அவமதிப்பது என்று உன் சிநேகிதர் ஒருவர் சொன்னதாகச் சொன்னாயே, அவரிடம் இதைச் சொல்.

உன் கண்கட்டு மட்டும் போதாது என்பதற்கு வயலின்காரர்களின் கதை இருக்கிறது. 2010-ல் இண்டியானாபோலிஸில் ஒரு ஹோட்டல் அறையில் கிளாடியா ஃபிரிட்ஸும் ஜோசப் கர்ட்டினும் சேர்ந்து, 21 வயலின் கலைஞர்களிடம் ஆறு வயலின்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மூன்று புதியவை. மூன்று பழையவை, இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னேரி. வெல்டிங் செய்கிறவர்கள் போடுகிற கறுப்புக் கண்ணாடியை மாட்டி, விளக்கை மங்கலாக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. பழைய மரத்துக்கு ஒரு வாசனை உண்டு என்று, மோவாய் வைக்கிற இடத்தில் ஒரு சொட்டு வாசனைத் திரவியம் தடவினார்கள். அந்த ஒரு சொட்டில் இருக்கிற அக்கறையைப் பார். கடைசியில் அதிகம் பேருக்குப் பிடித்தது ஒரு புது வயலின்.

அதைப் படித்ததும் எனக்கு உன் ஹால் ஞாபகம் வந்தது. அப்பாவின் ஆம்ப் சூடேறினால் வார்னிஷும் தூசியும் கலந்து ஒரு வாசனை வரும், சின்ன வயசில் அந்த வாசனை வந்தால் அப்பா வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். டிரான்ஸ்ஃபார்மர் மெல்ல முனகும். பக்கத்தில் இருந்தால் கன்னத்தில் வெக்கை தெரியும். நான் எவ்வளவு அசையாமல் நின்றாலும் அந்தப் பெட்டியே உன்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் இரண்டு ஆம்ப்பும் உள் அறையில், கதவு சாத்தி இருக்கட்டும். ஹாலில் ஸ்பீக்கர் மட்டும். பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கரில் காது வைத்துப் பார். ஒன்றில் ஹம் கேட்டு மற்றதில் கேட்காவிட்டால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாம் ஹம்மைத்தான் சோதிப்போம்.

இப்படி மறைத்துவைத்துக் கேட்பது அப்பா வழிதான், யோசித்துப் பார். உனக்கு அப்போது நாலு வயசு இருக்கும். மைக் செட் கடையில் குழாய் ஸ்பீக்கரின் யூனிட்டுக்குக் காயில் மாற்றினால், மாற்றியதையும் நல்லதையும் கோணிச் சாக்குக்கு அந்தப் பக்கம் வைத்து, என்னை ரோட்டுப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். “எது கரகரங்குது, சொல்லு பாப்பா” என்பார். எது எது என்று கடைப் பையனிடம்கூடச் சொல்ல மாட்டார். நான் தடுமாறினால் வேலை சரியாக வந்திருக்கிறது என்று யூனிட்டைக் கொடுத்துவிடுவார். உடனே சொல்லிவிட்டால் மறுபடி பிரிப்பார்.

சரி, சித்திரையில் எப்படிச் செய்யலாம் என்று யோசித்துவைத்திருக்கிறேன். மாற்றுவதற்குக் கையால் ஒயரைத் தொட வேண்டாம், ரிலே போடு. இரண்டு முனையையும் சேர்த்து மாற்றுகிற ரிலேயாக இருக்கட்டும். உன் கிளாஸ் டி ஆம்ப் பிரிட்ஜ் வகை என்றால் அதன் எந்த முனையும் கிரவுண்ட் இல்லை. இரண்டு ஆம்ப்பின் மைனஸையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் புதியது போய்விடும். அப்பாவுடையதற்கு வேறு ஆபத்து: லோடு இல்லாமல் பாட்டு ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஸ்பீக்கர் விலகியதும் 8 ஓம், 20 வாட் ரெசிஸ்டர் ஒன்று அதன் மேல் வந்து உட்கார வேண்டும். மாறுகிற அந்தக் கணத்தில் பாட்டை நிறுத்திவிட வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை அப்பா ராத்திரி ராத்திரியாகச் சுற்றியது எனக்கு நினைவிருக்கிறது, அதை இழக்க நான் தயாரில்லை. ரிலே இழுக்கும்போது ஒரு “டிக்”, விடும்போது வேறு ஒரு “டிக்”. ஆகவே ஒவ்வொரு தடவையும், மாற்றம் தேவையோ இல்லையோ, இரண்டு பக்கமும் ஒரு தரம் போய்வந்த பிறகே நிறுத்த வேண்டும்.

உள் அறையில் உன் மருமகள் இருப்பாள். ஸ்பீக்கர் ஒன்று போதும், இரண்டு வேண்டாம். ஸ்டீரியோவைவிட ஒற்றை ஸ்பீக்கரில் கேட்கும்போது குறைகளை ஆட்கள் நன்றாகப் பிரித்தறிகிறார்கள் என்று டூல் 1980களிலேயே காட்டினார். நமக்கு ஒயர் வேலையும் பாதியாகும். நீ மணியை ஒரு தரம் அடித்தால் அவள் அப்பாவுடையதைப் போடுவாள், இரண்டு தரம் அடித்தால் புதியதை. மூன்று தரம் அடித்தால் மறைத்துவைத்தது வரும். அது இரண்டில் எது என்பது அவள் முன்கூட்டியே நாணயம் சுண்டி எழுதிவைத்த தாளில் இருக்கும். மணி கேட்டதும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் பாட்டு, எதற்கானாலும் அதே ஐந்து. எத்தனை தரம் வேண்டுமானாலும் திரும்பக் கேள், நேரக் கணக்கே கிடையாது. மறைத்தது எது என்று தோன்றுகிறதோ அதை எழுது. நான் ஹாலில் உன் பக்கத்தில் இருப்பேன், எனக்கு எதுவும் தெரியாது. சோதனை முழுக்க முடிகிறவரை விடைத்தாளை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. நடுவில் பார்த்துவிட்டு, நன்றாகப் போகிறபோது நிறுத்துவதும், சரியில்லையென்றால் இன்னும் நாலு பார்க்கலாம் என்பதும்தான் கணக்கைக் கெடுக்கிற பெரிய வழி.

பாட்டை நீ தேர்ந்தெடு. இதற்கு மட்டும் இப்போதிலிருந்தே நேரம் எடுத்துக்கொள். கண்ணைத் திறந்துகொண்டு, இரண்டையும் தினமும் மாற்றி மாற்றிக் கேட்டு, வித்தியாசம் உனக்கு நன்றாகத் தெரிகிற பதினைந்து விநாடித் துண்டுகளாக நாலைந்தைப் பொறுக்கி வை. அடியிலிருந்து உச்சிவரை வாத்தியங்கள் நெருக்கமாக நிறைந்த இடங்கள் நல்லது. ஹார்மனில் டிரேசி சாப்மனின் ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பொங்கலுக்கு மறுநாள் போட்ட, அப்பாவுக்குப் பிடித்த அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம். அது ஓடினால் நம் இரண்டு பேராலும் ஒலியைக் கேட்க முடியாது.

எத்தனை தடவை என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். வழக்கமாகப் பதினாறு தடவை வைத்து, பன்னிரண்டு சரியானால் கேட்கிறது என்று ஒத்துக்கொள்வார்கள். ஊகத்தில் அது வர வாய்ப்பு நூற்றுக்கு நாலு. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதே கணக்கை உன் பக்கம் நின்று போட்டுப் பார். உனக்கு வித்தியாசம் உண்மையாகவே கேட்கிறது, ஆனால் லேசாக. பத்துக்கு ஏழு தடவை பிடித்துவிடுகிறாய் என்று வைத்துக்கொள். பதினாறில் நீ பன்னிரண்டைத் தொட வாய்ப்பு நூற்றுக்கு 45 மட்டுமே. கேட்கிற காது இருந்தும், பாதிக்கு மேல் உன்னைத் தோற்றவன் என்று எழுதி அனுப்பிவிடும் அந்தச் சோதனை. இல்லாததை இருப்பதாகச் சொல்வது எவ்வளவு அநியாயமோ, இருப்பதை இல்லை என்று சொல்வதும் அவ்வளவு அநியாயம். நாற்பது தடவை வைத்து, 26 சரியானால் ஒத்துக்கொள்வது என்று வைத்தால், ஊகத்தில் தேறுவது அதே நூற்றுக்கு நாலில் நிற்கிறது. பத்துக்கு ஏழு கேட்கிற ஆள் தேறுவதோ நூற்றுக்கு 80-க்கு ஏறிவிடுகிறது. ஆகவே நாற்பது. காது களைத்துப்போகாதபடி காலையில் பத்து, மாலையில் பத்து, இரண்டு நாள்.

உன் சிநேகிதர்கள் எட்டுப் பேரையும் உட்காரவைக்கலாம் என்றாய். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எட்டுப் பேருக்கும் எதுவுமே கேட்காவிட்டாலும், பதினாறுக்குப் பன்னிரண்டு என்ற கோட்டை அவர்களில் ஒருவராவது தற்செயலாகத் தொட்டுவிட வாய்ப்பு நூற்றுக்கு 27. அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு இவருக்குத் தங்கக் காது என்போம். அப்படி யாராவது தொட்டால் அவரை மறுபடி முதலிலிருந்து தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதல் நாள் காலை, உண்மையான சோதனைக்கு முன்னால் இரண்டு சின்னச் சோதனைகள் செய்வோம். புது ஆம்ப்பையே இரண்டு பக்கமும் வைத்து, ஒரு பக்கம் 2 வோல்ட்டும் மறுபக்கம் 1.78 வோல்ட்டும் தரும்படி செய்வோம். ஒரு டெசிபெல் வித்தியாசம். இதையே உன்னால் பிரிக்க முடியவில்லை என்றால் அறையோ, பாட்டோ, அன்றைய தலைவலியோ காரணம். அன்று ஆம்ப்பைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. அடுத்து, இரண்டு பக்கமும் ஒரே ஆம்ப், ஒரே வோல்டேஜ். இதில் பாதிக்குப் பாதிதான் சரியாக வர வேண்டும். அதற்கு வெகுவாக மேலே போனால் எங்கோ இன்னொரு “ம்” ஒளிந்திருக்கிறது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பாய். நீ நாற்பதிலும் தேறலாம் என்றே நினைக்கிறேன். வால்வு ஆம்ப்புக்கு வெளியீட்டு மின்தடை பொதுவாகக் கூடுதல். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸோ ஒரே அளவில் நிற்பதில்லை, ஓரிடத்தில் 4 ஓம், இன்னோரிடத்தில் 20 ஓம் என்று ஏறி இறங்கும். ஆம்ப்பின் மின்தடை 1 ஓம் என்று வைத்துக்கொண்டால், 4 ஓம் இடத்துக்கும் 20 ஓம் இடத்துக்கும் நடுவே ஒலியளவு ஒன்றரை டெசிபெல் மாறிவிடும். 400 ஹெர்ட்ஸில் எவ்வளவு நுணுக்கமாகச் சமன்செய்தாலும் மற்ற இடங்களில் அந்த மேடு பள்ளம் இருக்கும்; அது காதுக்குக் கேட்கக்கூடியதே. அப்படிக் கேட்டுத் தேறினால் அது நேர்மையான வெற்றி. ஆனால் அதைத் தொடர்ந்து ஒன்று செய்து பார்க்க ஆசை. புது ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, வோல்டேஜை மறுபடி சமன்செய்து, திரும்ப நாற்பது. அப்போது உன்னால் பிரிக்க முடியாமல் போனால், அப்பாவின் ஆம்ப்பில் நாம் இனிமை என்று சொன்னதில் பெரும்பகுதி அந்த ஒரு ஓம்தான் என்று தெரிந்துவிடும். 1985-ல் பாப் கார்வர் அமெரிக்காவில் ஸ்டீரியோஃபைல் இதழ்க்காரர்களிடம் இதைப் போன்ற ஒன்றைச் செய்தார். தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பைத் திருத்தித் திருத்தி, அவர்கள் மதித்த விலை உயர்ந்த ஆம்ப்பிலிருந்து பிரிக்க முடியாத அளவுக்குக் கொண்டுவந்தார். அப்படி ஆனால், பத்து செட் வாங்குகிற பத்துப் பேரின் ஸ்பீக்கரும் வேறு வேறு, அந்த இனிமை அவர்கள் வீட்டில் வேறு மாதிரி வரும் என்பதை நீ அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நீ தேறாமலும் போகலாம். அதை நான் பல ராத்திரி நினைத்துப் பார்த்துவிட்டேன். அந்த ஆம்ப் உனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு எந்தச் சோதனையும் வேண்டாம். அப்பாவின் கைப்பட்ட சால்டர் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது, அதில் பாட்டுக் கேட்டால் நெஞ்சு நிறைகிறது, அது போதும். நீ பத்து செட் கட்டு, நானும் ஒன்று வாங்கிக்கொள்கிறேன். அப்பாவின் சர்க்யூட், கையால் கட்டியது என்று சொல்லி விற்றுக்கொள். வேறு ஒருவர் தன் பணத்தை எடுத்து நீட்டும்போது நிரூபித்தது என்ற சொல்லை மட்டும் அதில் சேர்க்காதே. அந்த மூன்று பேரிடமும் சித்திரை முடியும்வரை பொறுக்கச் சொல், முன்பணம் வாங்காதே. நான் கெடுத்தது என்று வேண்டுமானால் என் பேரைச் சொல்.

நான் சித்திரை இரண்டாம் வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், திங்கள் ராத்திரி திரும்பலாம். ரிலே இரண்டு, 8 ஓம் ரெசிஸ்டர், 1 ஓம் ரெசிஸ்டர், அழுத்தினால் ஒரே மாதிரி அடிக்கிற ஒரு காலிங் பெல் இவ்வளவும் வாங்கி வை. மீட்டரும், விடைத்தாள்களைப் போட்டு மூடிவைக்க உறைகளும் என் பொறுப்பு. நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு ஆம்ப்பையும் போட்டுச் சூடேற்றி வை. உள் அறைக் கதவு அடியில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறதே, அங்கே ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வைக்க வேண்டும். அந்த இரண்டு நாள் உள் அறையில் துணி காயப்போட வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா